தேதி தெரியாத ஊர்

2025 ஏப்ரல் 23, புதன்

இன்றைய தவறு: விடைத்தாள் கட்டின் உறைமேல் தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். தேர்வு நடந்தது திங்கட்கிழமை, 21. நான் எழுதியிருப்பது 20. உள்ளே உள்ள நாற்பத்தொரு தாளிலும் முதல் கேள்வியே "இன்று என்ன தேதி?" என்பதுதான். என் தவறுக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. இந்த வயதில் இதற்குக் கவனக்குறைவு என்று பெயர். அறுபத்தைந்துக்கு மேல் இதற்கு வேறு பெயரும் தனிப் படிவமும் உண்டு.

செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் போகும் கணக்கெடுப்பு வகுப்பில் கில் ஆசிரியர் ஒரு விதி வைத்திருக்கிறார். களத்துக்குப் போகிறவர்கள் தினமும் குறிப்பு எழுத வேண்டும். முதலில் அன்றைய தவறு, கடைசியில் மறுநாள் வேலை. நடுவில் இருப்பதை அவர் படிப்பதில்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நடுவில் தாராளமாக எழுதலாம்.

பகலில் நான் வட்ட ஞாபகநல மையத்தில் ஒப்பந்த ஊழியர். அறுபத்தைந்து தாண்டியவர்களை உட்காரவைத்து, முப்பது மதிப்பெண்ணுக்கு அவர்கள் தலையைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. தேதிக்கு நான்கு; நாளோ மாதமோ தப்பினால் நான்கும் போச்சு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, வேறு வேலை கொடுத்துவிட்டு, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னால் அதற்கு ஐந்து. ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறி, எத்தனை பழம். இப்படிப் போகும்.

திங்களன்று தோல்மெ கிராமத்துக்குப் போனேன். கடல் வற்றும்போது சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பியும் சின்னக் கணவாயும் எடுக்கும் பெண்களின் ஊர் அது. அவர்களை ஒரே இடத்தில் பிடிக்க வேண்டுமானால் கடல் ஏறி வற்றும் ஓதம் மந்தமாக இருக்கும் நாளில் போக வேண்டும். அன்று சேறு வெளியே தெரியாது, அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நாளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். என் திட்டமிடலை நானே மெச்சிக்கொண்டேன்.

முடிவு: நாற்பத்தொரு பேரில் இருபத்து நான்கு பேர் எல்லைக்கோடான இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குக் கீழே. லேசான அறிவாற்றல் குறைபாடு, அல்லது அதற்கும் மேல், என்று சந்தேகிக்கலாம். நூற்றுக்கு ஐம்பத்தெட்டரை.

உலக அளவில் எவ்வளவு என்று பார்த்தேன். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒரு குழு ஆறில் ஒருவர் என்கிறது. இன்னொரு குழு நாலில் ஒருவர் என்கிறது. பாதிக்கு மேல் என்று யாரும் சொல்லக் காணோம். தோல்மெ உலகத்தைத் தோற்கடித்துவிட்டது.

குழுத் தலைவர் பெக் தாளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஹியெரின், இது மாகாணத்துலயே முதலிடம்!"

"சார், இது ரொம்ப அதிகமா இருக்கே? நான் ஏதாவது தப்பு பண்ணியிருப்பேனோன்னு..."

"அதிகம்னா என்ன அர்த்தம்? நல்லா தேடியிருக்கோம்னு அர்த்தம். பக்கத்து வட்டத்துல நூத்துக்குப் பதினொண்ணு. அவங்க தூங்குறாங்க."

மதியத்துக்குள் பேனருக்குச் சொல்லிவிட்டார். "மறதியை முந்திய கிராமம் தோல்மெ! கண்டறிதலில் முதலிடம்!" என்று மஞ்சள் எழுத்தில் வரும். எங்கள் வட்டத்தில் ஒருவர் மகன் தேர்வில் தேறினாலும் பேனர், சாலையில் பள்ளம் அடைத்தாலும் பேனர். மறதிக்கு மட்டும் இல்லாமல் இருந்தது.

இதில் பேனரில் வராத ஒரு பகுதி உண்டு. எங்கள் மையத்துக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தப்படி இருபத்து நான்கு பெயர்களும் அங்கே போய்விட்டன. பட்டியலில் பெயர் இருந்தால் டாக்டர் கடிதம் வரும்வரை சேற்றில் இறங்கக் கூடாது. சங்கச் செயலாளர் பியோ சனிக்கிழமை நண்பகலில் பட்டியலை மூடுவார். திங்கள் முதல் பெரிய வற்றம். வசந்தத்தில் அதுதான் நல்ல வேட்டை. பட்டியலில் பதினொன்றாவது பெயர் கூ பொக்சிம், வயது எழுபத்தாறு. எப்போது இறங்குவது, எப்போது திரும்புவது என்று, தன்னையும் சேர்த்துச் சேற்றில் இறங்கும் இருபத்தாறு பெண்களுக்கும் சொல்கிறவர் அவர்தான். பத்தொன்பது வருடமாகத் தலைவி. அவர் தலைமையில் ஒரு பெண்கூடத் தண்ணீரில் மாட்டியதில்லை.

இதையும் எழுதி வைக்கிறேன்: மறு எண்ணிக்கை செய்யவில்லை. நாளை தோல்மெக்குப் போய் முடிவுகளைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைய தவறு நேற்றையதைவிடப் பெரியது. அதற்கு வருகிறேன்.

பேருந்திலிருந்து இறங்கியதும் பேனர் வரவேற்றது. கிராம நுழைவில், முள்ளங்கி வயலுக்கும் பேருந்து நிழற்குடைக்கும் நடுவில் கட்டியிருந்தார்கள். ஒரு முனை அவிழ்ந்து "மறதியை முந்திய" வரை மட்டும் தெரிந்தது.

ஊர் மன்றத்தில் பன்னிரண்டு பெண்கள் அடியிலிருந்து சூடேற்றிய தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மட்டி உரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவர் ஓக் மால்சுன். வயது எழுபத்தொன்பது, கணுக்கால்வரை சேறு.

"வாங்க டீச்சர், வாங்க. பைத்தியக்கார ஊருக்கு வாங்க."

"பைத்தியமெல்லாம் இல்லம்மா. லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கலாமோன்னு ஒரு சந்தேகம். அவ்வளவுதான்."

"லேசானதாம்டீ! லேசா தூறல் போடுதுங்குற மாதிரி சொல்றா பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பொக்சிம் மட்டும் சிரிக்காமல், "டீச்சருக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்றார். பொட்டலக் காப்பி வந்தது. குடித்தேன்.

மால்சுன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எதுல மார்க்கு போச்சு? அதைச் சொல்லு மொதல்ல."

சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் சட்டைக் கை அவரிடம் இருந்தது.

"தேதியிலம்மா. மாசமும் தப்பு, நாளும் தப்பு."

"நான் என்ன சொன்னேன்?"

"மூணாம் மாசம் இருபத்து நாலு."

"சரியாத்தானே சொல்லியிருக்கேன்."

"அன்னிக்கு ஏப்ரல் இருபத்தொண்ணும்மா."

"அது உங்க ஆபீஸ் தேதி. நீ ஆபீஸ் தேதியா கேட்ட? இன்னிக்கு என்ன தேதின்னு கேட்ட. நிலாக் கணக்குல மூணாம் மாசம் இருபத்து நாலு, நீர் இல்லாத நாள், கடல் அசையாது. அதனாலதானே நான் உன் எதிர்ல உக்காந்து கத்திரிக்கா, பூசணிக்கான்னு சொல்லிட்டிருந்தேன்? இல்லேன்னா கடல்ல இருந்திருக்க மாட்டேன்?"

"இன்னிக்கு என்ன தேதிம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பதினோரு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: "இருபத்தேழு. மூணாம் நீர்."

சுவரில் மீனவர் சங்க நாட்காட்டி தொங்கியது. பெரிய எண்ணுக்குக் கீழே சின்ன எண். சின்ன எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனையாம் நீர் என்ற ஓதக் கணக்கு; எண் ஏற ஏற வற்றம் பெரிதாகும். 24க்குக் கீழே 27. இந்த நாட்காட்டிக்குக் கீழேதான் திங்களன்று உட்கார்ந்து தேர்வு நடத்தினேன். யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று விதிப்படி அதன்மேல் துண்டு போட்டு மறைத்தும் வைத்தேன். மிக ஒழுங்காக மறைத்தேன், எனக்கும் சேர்த்து.

"டீச்சருக்கு முகம் வெளுத்துப் போச்சு," என்றார் மால்சுன். "ஏம்மா, உனக்கு எத்தனை மார்க்கு?"

"காப்பி குடிச்சியா பொண்ணு? ஒண்ணு போட்டுக் குடுங்கடீ," என்றார் பொக்சிம்.

இரண்டாவதும் குடித்தேன். புறப்படும்போது அவரே எழுந்து மூன்றாவதைக் கலந்து கொடுத்தார். இந்த ஊரில் விருந்தோம்பல் அதிகம் என்று எண்ணிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மாலை வகுப்பு. கில் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோதுதான் எனக்குப் பயம்.

"கேள்வியைப் படிச்சியா, தலையைப் படிச்சியா?"

"கேள்வியை சார். விடைக்குறிப்புல ஏப்ரல் 21ன்னு போட்டிருந்துச்சு. அதோட ஒத்துப் பார்த்தேன்."

"தனித்தனி ஆய்வை எடுத்துப் பாரு. ஒரு எடத்துல நூத்துக்கு அஞ்சுங்குறான், இன்னொரு எடத்துல நாப்பதுக்கு மேலங்குறான். உலகத்துல எங்கயோ போய் மனுசன் மூளை எட்டு மடங்கு கெட்டுப்போகுமா? கேக்குற விதம் மாறுது, கோடு மாறுது, யாரைக் கூப்பிட்டு உக்காரவெக்கிறோங்குறது மாறுது. நீ தோல்மெயில மறதியை எண்ணல. நாட்காட்டியை எண்ணியிருக்க."

வகுப்பில் இருந்த மற்ற ஒன்பது பேரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். என் முட்டாள்தனம் ஒரு பாடமாகவாவது பயன்படுகிறது.

நாளை: நாற்பத்தொரு தாளையும் திரும்பத் திருத்த வேண்டும். நிலாத் தேதியைச் சரியாகச் சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண். முதலில் கூ பொக்சிம் தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்றைய தவறு: நேற்று, திருத்தம் தொடங்கும் முன்பே, பொக்சிம் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். பேருந்தில் வரும்போது அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். வீணாகப் போய்விட்டது.

அவர் தாளை முதலில் எடுத்தேன். தேதி: ஏப்ரல் 21, திங்கள். நான்குக்கு நான்கு. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

திருப்பிச் சொல்ல வேண்டிய வாக்கியம்: ஐந்துக்குச் சுழி. அப்படி ஒரு வாக்கியம் சொன்னேனா என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நான் அதையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். காய்கறி: ஒரு நிமிடத்தில் ஐந்து, அதில் முள்ளங்கி மூன்று முறை.

கட்டை ஒருமுறை, பிறகு இன்னொரு முறை புரட்டினேன். சேற்றில் இறங்கும் இருபத்தாறு பெண்களில் இருபத்தைந்து பேர் நிலாத் தேதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் தேதி சொன்னவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் கடலின் கணக்கைப் பத்தொன்பது வருடமாகத் தலையில் வைத்திருந்தவர்.

என் தேர்வு அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்த ஒரே இடம் அதுதான். அங்கேதான் கோளாறே இருக்கிறது. மூன்று காப்பி நினைவுக்கு வந்தது.

பிறகு மீதித் தாள்களைத் திருத்தினேன். பதினேழு பேர் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். மால்சுன் அம்மா இருபத்தெட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். நான் போனால் வாங்குவேனா தெரியவில்லை. மீதி ஏழு பேர். நாற்பத்தொன்றில் ஏழு என்றால் நூற்றுக்குப் பதினேழு, ஆறில் ஒருவர். உலகத்தைத் தோற்கடித்த கிராமம், உலகத்தைப் போலவே சலிப்பூட்டும் கிராமமாக ஆகிவிட்டது. இவ்வளவு ஒத்துப்போவது சந்தேகமாக இருந்ததால் மூன்று முறை எண்ணினேன். இந்த ஏழும் வெறும் வடிகட்டலில் நின்ற ஏழுதான். எத்தனை பேருக்கு உண்மையிலேயே குறைபாடு என்று டாக்டர் பார்த்தால்தான் தெரியும். இதை அடைப்புக்குறிக்குள் போடாமல் முழு வாக்கியமாகவே எழுதி, பெக் சாரிடம் கொடுத்தேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"பேனர் கட்டியாச்சு," என்றார்.

"ஒரு முனை அவிழ்ந்துடுச்சு சார்."

"ஹியெரின், நூத்துக்குப் பதினேழுன்னு எடுத்துக்கிட்டு நான் மாகாணத்துக்குப் போய் என்ன சொல்றது? எங்க ஊரும் எல்லா ஊர் மாதிரியேதான்னா? சராசரிக்கு யாராவது கை தட்டுவாங்களா?"

"உண்மை அதுதானே சார்."

"உண்மை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வாரம் கூட்டம் முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாம்."

"நாளைக்கு மதியம் பட்டியலை மூடுறாங்க. பதினேழு பேரு நல்லா இருந்தும் கடலுக்குப் போக முடியாம உக்காந்திருப்பாங்க. அப்புறம் அவங்களே மாகாணத்துக்குப் போன் போடுவாங்க. அதுல ஓக் மால்சுன்னு ஒருத்தங்க இருக்காங்க சார். நீங்க அவங்களைப் பார்த்ததில்ல."

பெக் சார் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "திருத்தத்துலயும் நாமதான் முதலிடம்னு போடலாமா?" என்று கேட்டார். கேலிக்குத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

நாளை: நண்பகலுக்கு முன் பியோவிடம் திருத்தக் கடிதம். பிறகு பொக்சிம் அம்மா.

ஏப்ரல் 26, சனி

இன்றைய தவறு: நல்ல செய்தியை முதலில் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

பியோவின் அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் பதினேழு பெயர்களும் அடிபட்டன. அவர் நல்ல மனிதர்தான். படிவத்தை மட்டுமே நம்புகிறவர். "லேசா இருந்தா போகலாமா?" என்று கேட்டேன். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "குறைபாடு உண்டா?" என்று ஒரு வரி, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். லேசாக என்று ஒரு கட்டம் இல்லை. உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் அந்த இல்லாத கட்டத்தில்தான் சமைத்துக்கொண்டும், பேருந்து ஏறிக்கொண்டும், பேரனைத் திட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

"மூணாவது கட்டம் போடலாமே?"

"போடலாம். யாரு போடுறது?" என்றார்.

மன்றத்தில் மால்சுன் அம்மா கிட்டத்தட்ட ஆடியே விட்டார். "இருபத்தெட்டு! முப்பதுக்கு இருபத்தெட்டு! என் புருசன் உசிரோட இருந்திருந்தா அவன் மூஞ்சியில ஒட்டியிருப்பேன் இந்தத் தாளை!" ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க, ஒவ்வொருவரும் கை தட்டினார்கள். பதினேழு பெயர் முடிந்தது. பொக்சிம் என்ற பெயர் வராமலேயே முடிந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். கடற்சுவரில் உட்கார்ந்தார். எதிரே சேறு அடிவானம்வரை பளபளத்தது.

"என் தேதி தப்பா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. சரிதான்."

"அப்புறம் ஏன் பேரு வரல?"

"கடல்ல இறங்குறவங்கள்ல நீங்க ஒருத்தர்தாம்மா ஆபீஸ் தேதி சொல்லியிருக்கீங்க."

அவர் உள்சட்டையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "உள்ள வர்றதுக்கு முன்னாடி இதுல பார்த்து வெச்சுக்கிட்டேன். நீ தேதி கேப்பேன்னு மால்சுன் அக்கா சொன்னா. இதுல பெருசா இந்தத் தேதிதான் வருது."

"நிலாத் தேதி?"

"அது போன அறுவடைக் காலத்துலருந்து சரியா வர்றதில்ல. முன்னெல்லாம் கண்ணைத் திறந்ததும் தலையில இருக்கும். இப்ப தேடணும். சில நாளு கிடைக்கும். சில நாளு நேத்து நீரு கிடைக்கும்." சிரித்தார். "நேத்து நீரை வெச்சுக்கிட்டு இன்னிக்கு என்ன பண்றது, சொல்லு."

"மத்தவங்களுக்குத் தெரியுமாம்மா?"

"யாருக்கும் தெரியாது."

தெரியும். திரும்பும்போது மன்ற வாசலில் என்னை மறித்து, மால்சுன் சொல்லிவிட்டார். கடந்த ஆறு மாதமாகத் தினமும் காலையில் தன் வாசலில் நின்று, நாயைத் திட்டுகிற சாக்கில், "ஏய் சனியனே, இன்னிக்கு நாலாம் நீரு, பத்து மணிக்கு வத்துது, அதுக்குள்ள சத்தம் போடாத" என்று பக்கத்து வீடு கேட்கிற மாதிரிக் கத்துகிறாராம்.

"நாய்க்கு எதுக்கு நீர்க்கணக்குன்னு இதுவரைக்கும் அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல டீச்சர். அதுலயே தெரிய வேணாமா?"

"இப்படி எத்தனை நாளைக்கும்மா?"

"நாய் இருக்குற வரைக்கும்."

பொக்சிம் அம்மாவிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் நகரத்து மருத்துவமனையில் ஞாபக டாக்டர் இருக்கிறார். மீதி ஆறு பேரையும் அன்றுதான் அழைத்துப் போகிறேன். லேசானது என்றால் பலருக்கு அப்படியே நின்றுவிடும், சிலருக்குச் சரியாகியும் போகும். மருந்து, தைராய்டு, தூக்கமின்மை என்று வேறு காரணம்கூட இருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திங்கள் ஏழாம் நீரு. பட்டியல் இருந்தாலும் இல்லாட்டியும் நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றார். ஏழாம் நீர் என்பது சரியாகவே இருந்தது. காலையில் நாய் திட்டு வாங்கியிருக்கும்.

அவர் இப்படி இறங்கினால் ஆபத்து அவர் ஒருவருக்கு மட்டும் அல்ல. அவர் சொல்லும் நேரத்தை நம்பி இன்னும் இருபத்தைந்து பேர் மூன்று கிலோமீட்டர் சேற்றுக்குள் நடப்பார்கள். தண்ணீர் திரும்பும்போது மனிதர் நடையைவிட வேகமாக வரும். நான் பியோவிடம் சொல்லித் தடுக்கலாம். அது சரியானது. சரியான ஒன்றை இந்த வாரம் ஏற்கெனவே ஒரு முறை செய்து, இருபத்து நான்கு பெயரை எழுதியவள் நான்.

நாளை ஞாயிறு. வேலை இல்லை. யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைய தவறு: யோசிப்பதற்கு நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

பத்தே முக்காலுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மால்சுன் அம்மா போன் செய்தார். இதுவரை அவர் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"டீச்சர், நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

"என்னம்மா ஆச்சு?"

"இன்னிக்குக் காலையில நாயைத் திட்டல."

பிறகு விடாமல் சொன்னார். நேற்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லையாம். நாளைக்கு ஏழாம் நீர். அவளை நம்பி எல்லோரும் இறங்குவார்கள். உண்மையிலேயே எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதாம். அதனால் காலையில் வாசலுக்கே வரவில்லை. இன்று ஆறாம் நீர், பதினொன்றரைக்கு மேல்தான் வற்றும். ஏழு மணிக்கே பொக்சிம் முழங்கால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சேற்றில் சறுக்கிப் போகும் பலகையை இழுத்துக்கொண்டு, கடற்சுவருக்கு வந்துவிட்டார். எதிரே தண்ணீர் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"போயிடுவான்னு பார்த்தேன். போகல. உக்காந்துட்டா. நாங்க எல்லாரும் மன்றத்து ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருக்கோம், ஒருத்திக்கும் போற தைரியம் இல்ல. நான்தானே பண்ணினேன், நான்தான் போகணும்னு போனேன். பக்கத்துல உக்காந்து, 'என்னடி, கடலுக்கு முன்னாடியே வந்துட்டியா?'ன்னு கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'கடல்தான் லேட்டு'ன்னா."

இரண்டு பேரும் சிரித்தார்களாம். பிறகு ஒருவர் அழுதாராம். யார் என்று மால்சுன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் பொக்சிம் பூட்ஸைக் கழற்றி, தலைகீழாக்கி, உள்ளே இல்லாத தண்ணீரைக் கொட்டுவதுபோல் தட்டிவிட்டு, "அக்கா, நாளைக்கு நீயே கூட்டிட்டுப் போ" என்றாராம்.

"எழுபத்தொம்பது வயசுல எனக்குப் பதவி உயர்வு," என்றார் மால்சுன். "ஆனா அவ சும்மா விடுவாளா? 'உன் குரலுக்கு ஊதுற விசிலே வேணாம்'ங்குறா. இரு, குடுக்குறேன்."

போன் கை மாறியது. பின்னால் யாரோ மட்டிச் சாற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்டார்கள்.

"டீச்சர், நான்தான். பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"ஏழு பத்துக்கும்மா. நான் உங்க ஊர் நிறுத்தத்துலயே ஏறிக்கிறேன்."

"நல்ல நாள் பார்த்து வெச்சிருக்க, ஏழாம் நீர்ல." உப்புப் போதும் என்று பின்பக்கம் திரும்பிச் சொன்னார். "அந்த டாக்டரும் தேதி கேப்பாரா?"

"கேப்பாரும்மா."

"அப்ப எந்தத் தேதியைச் சொல்றதுன்னு இப்பவே சொல்லிடு. நான் கையில எழுதிக்கிறேன்."

"எழுத வேணாம்மா. அவர் கேட்டதும் வாயில எது வருதோ அதைச் சொல்லுங்க. எதுவும் வரலேன்னா வரலேன்னு சொல்லுங்க."

"அதுக்கு மார்க்கு உண்டா?"

"இல்லம்மா."

"பரவால்ல," என்றார். "மால்சுன் அக்காகிட்ட இருபத்தெட்டு இருக்குல்ல."

நாளை, ஏப்ரல் 28, திங்கள்: ஐந்தரைக்கு எழ வேண்டும். 7.10 பேருந்தில் கூ பொக்சிம் உட்பட ஏழு பேர். அடையாள அட்டை, அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் இருக்கின்றனவா என்று ஏறும்போதே பார்க்க வேண்டும். டாக்டரிடம் ஆம், இல்லை என்று டிக் மட்டும் போடாமல், துணையோடு சேற்றில் இறங்கலாமா என்பதை ஒரு வரியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். மதியம் பியோவுக்கு, படிவத்தில் மூன்றாவது கட்டம் கேட்டுக் கடிதம். வரைவு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.